கப்பலும் வேகனும் கற்பிக்கும் இயக்க விதிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலக்கியப் பேச்சும் இன்னிசையும் நிறைந்த இவ்விழாவில் இயற்பியலைப் பற்றிப் பேசுமாறு ஓர் இரயில்வே குமாஸ்தாவை அழைத்திருக்கிறீர்கள். நான் பத்தாம் வகுப்புத் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டவன். பெருநிலத்துச் சரக்கு நிலையம் ஒன்றில் வேகன்களின் எண்ணையும் எடையையும் ஏட்டில் பதிந்து பிழைப்பு நடத்துபவன். எனினும் இருபதாண்டுக் காலமாக என் கண்ணெதிரே ஓடுவதும் நிற்பதும் மோதுவதும் இணைவதுமாக இருப்பவை வேகன்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து, பள்ளியில் பொருள் விளங்காமல் ஒப்பித்த விதிகளுக்குப் பொருள் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

இத்தீவுகளில் இரயில் இல்லை. தலைநகரையும் திக்லிபூரையும் இணைக்கும் சுமார் 240 கிலோமீட்டர் பாதையைப் பற்றி 2017-ஆம் ஆண்டில் நாளேடுகளில் செய்தி வந்ததோடு சரி. ஆனால் கப்பலும் படகும் உங்களுக்கு அன்றாடப் பழக்கம். தேருக்குரிய இடம் நிலம், நாவாய்க்குரிய இடம் கடல் என்று வள்ளுவப் பெருந்தகை இரண்டையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். இடம் வேறாயினும், இரண்டையும் ஆளும் இயக்க விதிகள் ஒன்றே. ஆதலின் நான் வேகனைச் சொல்லும்போது நீங்கள் கப்பலை எண்ணிக்கொள்ளலாம்.

நிலைமம்

கலிலியோ என்ற இத்தாலிய அறிஞர் 1642-இல் மறைந்தார். அவர் வித்திட்ட கருத்துகளை வளர்த்து முறைப்படுத்தியவர் ஆங்கில நாட்டு ஐசக் நியூட்டன். அவருடைய 'பிரின்சிப்பியா' என்னும் பெருநூல் 1687-இல் வெளிவந்தது. இயக்கத்தின் மூன்று விதிகள் அந்நூலில்தான் வரிசைப்படுத்தப்பட்டன.

முதல் விதி கூறுவது இது: புறத்தேயிருந்து விசை ஒன்று தாக்காதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும், ஓடும் பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். தன் நிலையைத் தானாக மாற்றிக்கொள்ளாத இப்பண்பிற்கு நிலைமம் என்று பெயர்.

நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்வதில் எவருக்கும் இடரில்லை. ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் மனத்திற்கு எளிதில் ஏறாது. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறதே என்று கேட்கத் தோன்றும். வண்டி நிற்பது அதன் இயல்பினால் அன்று. உராய்வு என்னும் விசை அதனை எதிர்த்து நிறுத்துகிறது. உராய்வு குறையக் குறைய ஓட்டம் நீளும். மண்சாலையில் உருளும் கட்டைவண்டி சில அடிகளில் நின்றுவிடும். எஃகுத் தண்டவாளத்தின் மேல் எஃகுச் சக்கரத்தில் உருளும் வேகனோ, ஒருமுறை உந்திவிட்டால் நெடுந்தொலைவு செல்லும். இயந்திரத்தை நிறுத்திய கப்பலும் அவ்வாறே நீரில் வழுக்கிக்கொண்டு முன்னேறுவதை நீங்கள் துறைமுகத்தில் கண்டிருப்பீர்கள்.

1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலைக்காக இத்தீவுகளின் காடுகளில் யானைகள் மரம் இழுத்த செய்தியைப் பெரியோர்கள் அறிவார்கள். கிடக்கும் கட்டையை முதலில் அசைப்பதற்கே யானை மிகுதியாக முயல வேண்டும். அசைந்த பின்னர் இழுத்துச் செல்வது அத்துணைக் கடினமன்று. அசையாப் பொருளைப் பற்றியிருக்கும் உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிடப் பெரிது என்பதே அதற்குக் காரணம். கட்டைக்கு அடியில் உருளைகளை வைத்தால், தேய்ந்து நகர்வது உருண்டு நகர்வதாக மாறி, வேலை மேலும் எளிதாகிறது.

பேருந்தில் நின்றுகொண்டு செல்கிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். நாம் முன்னோக்கி விழுகிறோம். யாரோ நம்மைப் பின்னாலிருந்து தள்ளியதாக எண்ணுவது மயக்கம். பேருந்தின் வேகம் குறைந்தது. நம் உடலின் வேகம் குறையவில்லை. உடல் தன் பழைய வேகத்திலேயே செல்கிறது. ஓடும் வண்டியிலிருந்து குதிப்பவன் கால் தரையில் பட்டதும் குப்புற விழுவதற்கும் இதுவே காரணம். கால் நின்றது, உடல் நிற்கவில்லை.

உந்தம்

இனி இரண்டாம் விதிக்கு வருவோம். ஓடும் பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது எதனைப் பொறுத்தது? வேகத்தை மட்டுமா? எடையை மட்டுமா? இரண்டையும் பொறுத்தது. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் அளவிற்கு உந்தம் என்று பெயர். உந்தத்தை மாற்றுவதே விசையின் வேலை. உந்தம் எவ்வளவு விரைவாக மாற்றப்படுகிறதோ அவ்வளவுக்கு விசை பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாம் விதியின் சாரம் இவ்வளவே.

எங்கள் சரக்கு வண்டியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன் ஒன்று சுமையோடு ஏறத்தாழ 81 டன் இருக்கும். அத்தகைய 58 வேகன்கள் கோத்த வண்டி, இஞ்சின் நீங்கலாக, 4,700 டன் அளவில் வரும். அவ்வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அஃதாவது நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர் வேகத்தில் வருகிறது. பிரேக் போட்டதும் ஒவ்வொரு நொடிக்கும் 0.15 மீட்டர் வீதம் வேகம் குறைவதாக வைத்துக்கொள்வோம். வண்டி நிற்க ஏறக்குறைய 110 நொடிகள் ஆகும். அதற்குள் அது 900 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இதனால்தான் எங்கள் பாதைகளில் நிலையத்து முகப்புச் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே 'டிஸ்டன்ட்' என்னும் எச்சரிக்கைச் சிக்னலை நாட்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தில் ஒருவர் நிற்பதைக் கண்ட பின்னர் ஓட்டுநர் பிரேக் போட்டால் வண்டி அவர்முன் வந்து நிற்கும் என்று எண்ணுவது அறியாமை. ஓட்டுநரின் நெஞ்சில் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் 4,700 டன்னின் உந்தம் அதற்குக் கட்டுப்படாது.

வேகத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? நிற்பதற்கான நேரம் பாதியாகும். ஓடும் தொலைவோ பாதியன்று, கால் பங்காகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 900 மீட்டருக்கு மேல் வேண்டிய அதே வண்டிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 230 மீட்டர் போதும். இக்கணக்கு சரக்கு வண்டிக்கு மட்டும் உரியதன்று. மழையில் நனைந்த மலைச்சாலையில் இரு சக்கர வண்டியை முடுக்கும் நம் இளைஞர்களுக்கும் அப்படியே பொருந்தும். வேகத்தை இருமடங்காக்கினால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும் என்பதை அவர்கள் உள்ளத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காலத்தை நீட்டினால் விசை குறையும்

இரண்டாம் விதியிலிருந்து பிறக்கும் மற்றோர் உண்மை, உயிர் காப்பது. உந்தத்தை அழிக்கக் காலம் மிகுதியாக எடுத்துக்கொண்டால் விசை குறையும்; காலம் குறைந்தால் விசை பெருகும்.

10,000 டன் எடையுள்ள கப்பல் ஒன்று துறைமேடையை நெருங்குகிறது. அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தைவிடவும் குறைவு. பார்ப்பதற்கு அசைவதே தெரியாது. ஆயினும் அதன் உந்தம் பெரிது. அதனை ஒரே நொடியில் நிறுத்த வேண்டுமானால் சுமார் 500 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். துறைமேடை தாங்காது, கப்பலின் பக்கமும் தாங்காது. அதே கப்பலை 20 நொடிகளில் நிறுத்தினால் 25 டன் அளவு விசை போதும். துறைமேடையின் ஓரத்தில் இரப்பர்த் தாங்கிகளையும் பழைய டயர்களையும் தொங்கவிட்டிருப்பது அழகுக்காக அன்று. அவை நசுங்கி நசுங்கிக் காலத்தை நீட்டுகின்றன. கிரிக்கெட் ஆடும் சிறுவன் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறானே, அவன் செய்வதும் இதுவேதான்.

தலைக்கவசத்தின் தத்துவமும் இதுவே. தலை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தலை, கல்லில் மோதி ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அதன்மேல் விழும் விசை இரண்டரை டன் எடைக்குச் சமம். கவசத்தின் உள்ளே உள்ள மெத்தைப் பகுதி நசுங்கி, நிற்கும் காலத்தை ஐந்து மடங்கு நீட்டினால், விசை ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. தாய்மார்களே, உங்கள் பிள்ளை வண்டியை எடுக்கும்போது தலைக்கவசத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். அது காவலர் பிடிப்பார் என்பதற்காக அணிவதன்று.

ஒருவர் தள்ள மற்றவர் தள்ளுவார்

மூன்றாம் விதி: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு. இவ்விதியைத் தீவு மக்களாகிய உங்களுக்கு விளக்கப் படகைவிடச் சிறந்த சான்று வேண்டா.

120 கிலோ எடையுள்ள சிறு டிங்கியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார். கரை அருகில் வந்ததும், கயிறு கட்டுவதற்குள் அவசரப்பட்டுத் துறைமேடைக்குத் தாவுகிறார். அவர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னே சென்றால், படகு நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னே போகும். முன்பு இரண்டும் அசையாதிருந்தமையால் மொத்த உந்தம் சுழி. தாவிய பின்னரும் அது சுழியாகவே இருக்க வேண்டும். 60 கிலோவின் 2 மீட்டருக்கு 120 கிலோவின் 1 மீட்டர் ஈடாகிறது. காலுக்கு அடியில் இருந்த தளம் பின்வாங்குவதால், தரையிலிருந்து தாவுவதுபோல் எண்ணித் தாவியவரின் கணக்குப் பொய்க்கிறது. அவர் மேடையை எட்டாமல் படகுக்கும் மேடைக்கும் இடையில் விழுகிறார். பின்வாங்கிய படகு அலையால் மீண்டும் மேடையை நோக்கி வருகிறது. அவ்விடைவெளியில் சிக்கியவரின் நிலையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

கயிற்றைக் கட்டிய பின்னர் இறங்குவதில் என்ன வேறுபாடு? அப்போது படகு கரையோடு பிணைந்துவிடுகிறது. நம் கால் தள்ளுவது 120 கிலோ எடையுள்ள படகை மட்டும் அன்று. கயிற்றின் வழியாகத் தீவு முழுவதையுமே தள்ளுகிறோம். தீவு பின்வாங்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. கயிறு கட்டாமல் காலை எடுக்காதே என்பதை இத்தீவுகளுக்குரிய மொழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டும் இதே விதியால்தான் மேலே செல்கிறது. அது காற்றைத் தள்ளி மேலெழுவதாகப் பலர் எண்ணுகின்றனர். காற்றே இல்லாத வெளியிலும் அது விரைகிறதே! தன்னுள்ளிருந்து எரிந்த வாயுவைப் பெருவேகத்தில் பின்னே தள்ளுகிறது. வாயு அதனை முன்னே தள்ளுகிறது. டிங்கியிலிருந்து குதித்தவருக்கும் டிங்கிக்கும் உள்ள உறவே வாயுவிற்கும் ராக்கெட்டிற்கும் உள்ளது. அங்கிருந்து புறப்படும் ராக்கெட்டுகளைப் பின்தொடர்ந்து கவனிக்க இஸ்ரோ நிறுவனத்தின் நிலையம் ஒன்று இங்கே போர்ட் பிளேரில், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற இந்நகரில், அமைந்திருப்பது உங்களுக்குப் பெருமை அல்லவா?

இரு பொருள்கள் மோதும்போது ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றொன்று பெறுகிறது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் மாறுவதில்லை. ஷண்டிங் நடக்கும்போது இதனைத் தெளிவாகக் காணலாம். 80 டன் சுமை வேகன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் 20 டன் காலி வேகனோடு இணைந்தால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் செல்லும். மாறாக, 20 டன் காலி வேகன் அதே 2 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் 80 டன் வேகனோடு இணைந்தால், இரண்டும் 0.4 மீட்டர் வேகத்தில் மெல்ல நகரும். வீட்டில் கேரம் பலகை இருந்தால், காய்கள் சிலவற்றை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து முதற்காயை நேராக அடித்துப் பாருங்கள். நடுக்காய்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, கடைசிக் காய் விலகி ஓடும். உந்தம் கைமாறிச் சென்றதை அப்போது கண்ணாலேயே காணலாம்.

2004 டிசம்பர் 26

இத்தீவுகளில் உந்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஆழிப்பேரலையைப் பேசாமல் விடுவது முறையன்று. இவ்வவையில் உற்றாரை இழந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் துயரைத் தூண்டுவது என் நோக்கமன்று. இனி வரும் தலைமுறை காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரம் காலை சுமார் 6.29 மணிக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பெரும் நிலநடுக்கம் தோன்றியது. அதன் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டது. அங்குத் தொடங்கிய பிளவு வடக்கே நிக்கோபாரையும் அந்தமானையும் நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரவியது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் கரைகளோ உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. கடலின் தரை அசைந்ததால், அதன்மேல் இருந்த நீர் முழுவதும் அசைந்தது.

காற்றால் எழும் அலையில் மேற்பரப்பு நீர் மட்டுமே ஆடும். ஆழிப்பேரலையிலோ அடிமுதல் மேல்வரை நீர் முழுவதும் நகர்கிறது. அவ்வலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 என்ற எண்ணையும் பெருக்கி, அதற்கு வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது நொடிக்குச் சுமார் 198 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆகாய விமானத்தின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. அதனால்தான் அது சென்னைக் கடற்கரையை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் எட்டியது. நிக்கோபார்த் தீவுகளிலோ நிமிடக் கணக்கில் வந்துவிட்டது. ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அங்கு நிற்கும் கப்பல் அதனை உணர்வதும் அரிது. ஆழம் 10 மீட்டராகக் குறையும் கரையோரத்தில் அலையின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவிற்குத் தணிகிறது. முன்னே செல்லும் நீர் தயங்க, பின்னே வரும் நீர் நெருக்க, அலை உயர்ந்து எழுகிறது.

கரையேறிய நீர் எவ்வளவு விசையோடு தாக்கும்? ஒரு கன மீட்டர் கடல்நீரின் நிறை சுமார் 1,025 கிலோ. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் நீர், ஒரு சதுர மீட்டர்ச் சுவரில் மோதித் தன் முன்னோட்டத்தை இழக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 5 கன மீட்டர் நீர் அச்சுவரை வந்தடையும். அதன் உந்தத்தை அழிக்கச் சுவர் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ 2,600 கிலோ எடைக்குச் சமம். நீரின் வேகம் இருமடங்கானால், நொடிக்கு வரும் நீரும் இருமடங்காகிறது, ஒவ்வொரு கிலோவின் வேகமும் இருமடங்காகிறது. ஆகவே விசை நான்கு மடங்காகி, பத்து டன்னைத் தாண்டுகிறது. காற்று இதே வேகத்தில் அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோ எடையளவுதான் விசை இருக்கும்; நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்ந்தது. புயற்காற்றை எதிர்த்து நின்ற வீரம் வெள்ளத்தின்முன் செல்லாது. முழங்காலளவு நீர்தானே என்று நிற்பவரையும் அது சாய்த்துவிடும்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. அலையை எதிர்த்து நிற்க முடியாது. அதனோடு போட்டியிட்டு ஓடியும் வெல்ல முடியாது. அது வருவதற்கு முன்னரே உயரத்தில் இருக்க வேண்டும். குட்டி அந்தமானின் ஓங்கே பழங்குடியினர் கடல் பின்வாங்கியதைக் கண்டதும் மேட்டு நிலத்தை அடைந்து உயிர் பிழைத்தனர் என்ற செய்தி அன்று உலகெங்கும் பரவியது. அவர்கள் நியூட்டனைப் படித்தவரல்லர். தம் கடலைப் படித்தவர்கள். ஹைதராபாதில் 2007 முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. எனினும் நிலநடுக்கம் மிக அருகில் நேரும்போது, எச்சரிக்கை வந்து சேரும்வரை காத்திருக்க நேரம் இராது. நிற்க முடியாத அளவு தரை நெடுநேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலோ, ஒருவரையும் கேளாமல் மேடேறிவிட வேண்டும். பொருளை எடுக்கத் திரும்புதல் கூடாது. வேடிக்கை பார்க்க நிற்றல் கூடாது.

தமிழில் முடியுமா?

இறுதியாக ஒன்று கூறி முடிக்கிறேன். இவற்றையெல்லாம் தமிழில் கற்றால் பிள்ளை முன்னேறுமா என்று பெற்றோர் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். உழைத்துப் பிழைக்கக் கடல் கடந்து வந்த குடும்பத்தினர் அவ்வாறு அஞ்சுவதில் வியப்பில்லை.

நியூட்டன் தம் பெருநூலை ஆங்கிலத்தில் எழுதவில்லை, இலத்தீனில் எழுதினார். அது 1729-இல்தான் முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்று வெளிவந்தது. ஆங்கிலேயரும் தம் தாய்மொழிக்கு அதனைக் கொண்டுவந்தே பரப்பினர். தமிழரும் வாளாவிருக்கவில்லை. 1916-இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். பெ. நா. அப்புசாமி அவர்கள் வாழ்நாள் முழுதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இன்று நாம் இயல்பாக வழங்கும் விசை, உந்தம், முடுக்கம் ஆகிய சொற்கள் இத்தகையோர் பலரின் உழைப்பால் நிலைபெற்றவை.

இத்தீவுகளில் ஒரு தனிச் சிறப்பும் காண்கிறேன். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல் முடுக்கம் என்பதை இலங்கைப் பாடநூல் ஆர்முடுகல் என்கிறது. நாம் நிலைமம் என்பதை அவர்கள் சடத்துவம் என்கின்றனர். நம் பாடநூலில் நிறை என்பது பொருளின் அளவைக் குறிக்கும். அவர்கள் அதனைத் திணிவு என்பர். அவர்கள் நிறை என்றால் நாம் எடை என்று சொல்வதைக் கருதுகின்றனர். உந்தம் மட்டும் இரு நாட்டிலும் உந்தமே. ஒரு பிள்ளை வீட்டில் ஒரு சொல்லும் பள்ளியில் ஒரு சொல்லும் கேட்டால் குழம்பாதவாறு, இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுவது ஆசிரியர் கடமை. எடை என்பது பூமி நம்மை இழுக்கும் விசை; நிலவுக்குப் போனால் அது ஆறில் ஒரு பங்காகும். நிறையோ எங்குப் போனாலும் மாறாது. இவ்வேறுபாடு விளங்கிவிட்டால், எச்சொல்லால் அதனைச் சொன்னாலும் குற்றமில்லை.

2008-இல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை அவர்கள் சிற்றூரில் தமிழ் வழியில் பள்ளிக்கல்வி பெற்றவர். இஸ்ரோவின் தலைவராக விளங்கிய கே. சிவன் அவர்களும் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவரே. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியருகே மெல்ல இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள், விழுப்புரத்து இரயில்வே ஊழியர் ஒருவரின் மைந்தர். அன்று எங்கள் அலுவலகத்தில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அக்கலம் மெல்ல இறங்கியதும் உந்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் கலையே அன்றோ! கப்பலைத் துறைமேடையில் அணைக்கும் மாலுமி செய்வதை, நிலவின் மேல் அவர்கள் செய்தனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இராஜேந்திர சோழனின் கடற்படை இக்கடலைக் கடந்தது. தஞ்சைக் கல்வெட்டிலே நக்கவாரம் என்று இத்தீவுகளின் பெயர் இடம்பெற்றுள்ளது. அம்மாலுமிகள் காற்றின் விசையையும் கப்பலின் உந்தத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். கையறிந்ததை அவர்தம் வழித்தோன்றல்கள் கணக்காலும் அறிய வேண்டும்.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்தில் கூட்டி, தமிழில் இயற்பியலைச் செய்து காட்டுங்கள். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கண்ணாடித் தம்ளரின்மேல் அட்டையை வைத்து, அட்டையின்மேல் நாணயத்தை வைத்து, அட்டையை விரலால் சுண்டினால் நாணயம் தம்ளரில் விழும். அது முதல் விதி. பந்தை வெறுந்தரையிலும் மணலிலும் விழவிட்டுப் பார்த்தால் இரண்டாம் விதி. காற்றடைத்த பலூனை வாய் திறந்து விட்டால் மூன்றாம் விதி. படகுத் துறையில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் வந்து, கயிறு கட்டும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அதுவும் பாடமே. அவருக்குத் தெரிந்த அளவு பல நூலாசிரியர்களுக்கும் தெரியாது.